முதலில் தேய்த்துவிடு, பிறகு ஏறு

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். பெர்த்திலோ நியூசிலாந்திலோ ஒரு பண்ணை. ஒரு மட்டக்குதிரை. அதன்மேல் ஐந்து வயதுப் பிள்ளை, பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி யாரோ ஒருவர். பத்து நிமிடச் சவாரி, பதினைந்து படங்கள், அடுத்து சாக்லெட் கடை. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால், இதைத்தான் பிள்ளைக்குக் குதிரையேற்றம் காட்டியதாகச் சொல்லிக்கொள்கிறோம் என்றால், காசையும் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து வருகிறோம் என்பது என் கருத்து.

இந்தக் கருத்து எனக்குக் கொலராடோவில் உருவானது. சென்ற ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில் அமெரிக்காவில் வசிக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தியின் மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4 வயது. ஒரு சனிக்கிழமை எல்லாரும் மலையடிவாரத்தில் உள்ள ஒரு கால்நடைப் பண்ணைக்குப் போனோம். சுற்றுலாவுக்கென்றே கட்டிய இடம் அல்ல அது. மாடு வளர்த்து விற்றுப் பிழைக்கும் குடும்பம், கோடையில் மட்டும் விருந்தினரையும் குதிரையில் ஏற்றுகிறது.

இப்படி விருந்தினரை ஏற்கும் பண்ணைகளை அங்கே ‘டூட் ராஞ்ச்’ என்பார்கள். ‘டூட்’ என்றால் நகரத்திலிருந்து வந்த, குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள். கிண்டல் பெயர்தான். இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர்கள் என்று பெரும்பாலும் ஈட்டன் சகோதரர்கள் மூவரைச் சொல்வார்கள். 1880களில் டகோட்டாவில் இருந்த அவர்களுடைய பண்ணைக்குக் கிழக்குப் பகுதி நண்பர்கள் வந்து நாள் கணக்கில் தங்கினார்கள். சாப்பாட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகவே, தங்குவதற்குப் பணம் வாங்கும் வழக்கம் வந்தது. 1904ல் சகோதரர்கள் வயோமிங் மாநிலத்தின் உல்ஃப் என்ற இடத்துக்கு மாறினார்கள். 1926ல் இத்தகைய பண்ணைகளுக்கென்று ஒரு சங்கமே அமைந்தது. ரயில் நிறுவனமும் அதற்குக் கைகொடுத்தது. விருந்தினர் வந்தால் அதற்கும் டிக்கெட் விற்கும் அல்லவா? மாட்டு விலை விழுந்த ஆண்டுகளில் பல பண்ணைகளைக் காப்பாற்றியது இந்த விருந்தினர் பணம்.

அதனால் அங்கே குதிரை வேடிக்கைப் பொருள் அல்ல. கோடையில் மாடுகளை மேட்டு மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டுவதும், இலையுதிர் காலத்தில் திரும்பக் கொண்டுவருவதும் இன்றும் பல இடங்களில் குதிரைமேல் நடக்கும் வேலை. நாங்கள் ஏறிய குதிரைகளில் சில அந்த வேலைக்கும் போகிறவை. (பண்ணைச் சுவரில் தொங்கிய பழைய படங்களில் இருந்த மாடோட்டிகள் எல்லாரும் வெள்ளையர்கள். ஆனால், அந்தத் தொழிலை அமெரிக்காவுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மெக்சிகோவின் ஸ்பானிய மொழி மாடோட்டிகள். ‘ராஞ்ச்’, ‘ரோடியோ’ எல்லாம் அவர்கள் சொற்கள்தான். கறுப்பின மாடோட்டிகளும் ஏராளம். நிலமோ அதற்கு முன்பு யூட், அரபாஹோ, ஷையன் மக்களுடையது. படம் மாட்டுகிறவர்கள் இதையும் மாட்டலாம்.)

போனவுடன் குதிரைமேல் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் காரிலிருந்து குதித்து இறங்கினார்கள். பட்டியில் இருந்த பணியாளர், இருபத்தைந்து வயதுதான் இருக்கும், என் தங்கையின் கையில் ஒரு தேய்ப்பானைக் கொடுத்தார். வட்டமாகத் தேய்த்து முதுகில் உள்ள மண்ணை எடுக்க வேண்டும். சேணத்துக்கு அடியில் சிறு மண்கட்டி இருந்தாலும் மணிக்கணக்கில் உரசி முதுகு புண்ணாகிவிடும். புண் வந்தால் குதிரைக்கு வலி, வலி வந்தால் அது உதறும், உதறினால் மேலே இருப்பவர் கீழே. ஒரு தேய்ப்பானிலிருந்து விபத்துவரை அவர் கோடு போட்டுக் காட்டியதைத் தங்கை வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு குளம்பைத் தூக்கி உள்ளே சிக்கிய கல்லை எப்படி எடுப்பது என்று காட்டினார். அதை மட்டும் அவரே செய்தார்.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அதற்கு நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னாலும் இருப்பது தெரியாது. ஆகவே, பின்னாலிருந்து ஓடிவராதே, தோளருகே பேசிக்கொண்டே போ. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, குதிரை இழுத்தால் கையோடு போய்விடும். குதிகால் உள்ள காலணி போடு, இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் வழுக்கிச் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு விதியோடும் அதன் காரணமும் வந்தது. நம் பிள்ளைகளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. காரணம் சொல்லத்தான் யாருக்கும் நேரமில்லை.

சச்சரவு அதற்குப் பிறகு வந்தது. நான்கு வயதுத் தம்பியைத் தன் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மலைப்பாதையில் போகச் சித்தப்பா விரும்பினார். ஊரில் உள்ள பாட்டிக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். பணியாளர் முடியாது என்றார். அங்குள்ள பல பண்ணைகளில் மலைப்பாதைச் சவாரிக்கு 6, 7 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்களுக்கு வேலியடித்த திடலுக்குள், ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்லும் சவாரி மட்டுமே. “காசு கட்டியிருக்கிறோமே, பொறுப்பை நானே ஏற்கிறேன்” என்று சித்தப்பா குரலை உயர்த்தினார். சித்தி தரையைப் பார்த்தார். பணியாளர் மரியாதையாக, ஆனால் அசையாமல் நின்றார்.

சித்தப்பாமேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்த விஷயத்தில் நான் பணியாளர் பக்கம். ஒரே சேணத்தில் இருவர் உட்கார்ந்தால் பெரியவர் சரியும்போது பிள்ளை அவர் அடியில் மாட்டிக்கொள்ளும். ஐந்நூறு கிலோவை ஒட்டிய எடையுள்ள விலங்கு திடீரென்று பக்கவாட்டில் தாவினால் அப்பாவின் கை எந்தப் பிள்ளையையும் தாங்கிப் பிடிக்காது. அப்பாவின் பாசம் இயற்பியலை மாற்றாது. குதிரை சுமக்கும் எடைக்கும் அளவு உண்டு. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சேணமும் அந்தக் கணக்கில் சேரும். பெரிய ஆள் ஒருவரே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வார்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. துணைப்பாடம், நீச்சல், பியானோ என்று எல்லாவற்றிலும் பிள்ளைக்கு எட்டாததைச் சற்று முன்கூட்டியே வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் நமக்கு இருக்கிறது. நான்கு வயதில் முடியாதது ஆறு வயதில் முடியும் என்று ஒருவர் சொன்னால், அதை மறுப்பாகவே கேட்கிறோம். தம்பி என்னவோ திடலில் இரண்டு சுற்று வந்துவிட்டு, குதிரைக்கு வைக்கோல் போடுவதில்தான் ஒரு மணி நேரத்தைக் கழித்தான். படம் வேண்டும் என்று அவன் கேட்கவே இல்லை.

தங்கையின் கதை வேறு. மலைப்பாதையில் வரிசையாக, நடை வேகத்தில்தான் போனோம். அவளுடைய குதிரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று புல் தின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பணியாளரைப் பார்த்தாள். அவர், “உன் குதிரை, நீ சொல்” என்றார். முதலில் கெஞ்சிப் பார்த்தாள், அதுவும் தமிழில். குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. மூன்றாவது முறை நிமிர்ந்து உட்கார்ந்து, கடிவாள வாரைத் தூக்கிப் பிடித்து, இரண்டு குதிகாலாலும் ஒன்று கொடுத்தாள். குதிரை நடந்தது. கத்தவும் இல்லை, அழவும் இல்லை. வீட்டில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட “அக்கா” என்று கூப்பிடுகிற பிள்ளை அவள்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பட்டியின் வாசலில் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது. குதிரையோடு இயல்பாகவே வரும் ஆபத்துகளால் ஒருவர் காயமடைந்தாலோ இறந்தாலோ குதிரைத் தொழில் நடத்துபவர் பொறுப்பாக மாட்டார் என்று அதில் எழுதியிருந்தது. கொலராடோ சட்டம் அப்படியொரு பலகையை வைக்கச் சொல்கிறது. ‘இறந்தாலோ’ என்ற சொல்லைப் படித்ததும் சித்தி பின்வாங்கப் பார்த்தார். எனக்கு அந்தப் பலகை பிடித்திருந்தது. பிள்ளைகளுக்கான பெரும்பாலான இடங்கள் ஆபத்தே இல்லை என்று புன்னகை செய்கின்றன. இங்கே ஆபத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டி, வயிற்றுப்பட்டையை ஏறுமுன் ஒருமுறையும், சற்று தூரம் நடந்தபின் இன்னொரு முறையும் இறுக்கிச் சரிபார்க்கிறார்கள். பட்டையைக் கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளுமாம்.

“இதெல்லாம் வசதி படைத்தவர்களுக்கு” என்று நண்பர் ஒருவர் சொன்னார். பாதி உண்மை. அங்கே இத்தகைய பண்ணைகளில் ஒரு வாரம் தங்க ஆளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். நாங்கள் போனது ஒரு நாளுக்கு, அதுவும் சித்தி அங்கே இருப்பதால். சிங்கப்பூரிலும் குதிரை என்றாலே மன்றம், உறுப்பினர் கட்டணம், இல்லையென்றால் பந்தயம். பந்தயமும் முடிந்துவிட்டது. கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்தது. ஏறக்குறைய 120 ஹெக்டர் நிலம் வீடுகளுக்காகவும் மற்றப் பயன்பாடுகளுக்காகவும் அரசாங்கத்திடம் திரும்புகிறது. வீடு வேண்டும்தான், அதில் எனக்கு வாதமில்லை.

ஆனால், விலங்கோடு வளர்வது நம்மவர்களுக்கு எப்போதும் பணக்காரப் பொழுதுபோக்காக இருந்ததில்லை. தேக்காவில் ‘பஃபலோ ரோடு’, ‘கெர்பாவ் ரோடு’ என்ற பெயர்கள் சும்மா வரவில்லை. சிராங்கூன் சாலை வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டுப் பட்டிகளும் மாட்டு வணிகமுமாக இருந்தது. தமிழர்கள் பலர் அதில்தான் பிழைத்தார்கள். பக்கத்திலேயே ‘ரேஸ் கோர்ஸ் ரோடு’, பழைய பந்தயத் திடல் இருந்த இடம். அந்த வீடுகளின் பிள்ளைகள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் பள்ளிக்குப் போயிருப்பார்கள். இன்று நாம் அங்கே மல்லிகைப்பூவும் காய்கறியும் வாங்கப் போகிறோம். பாதிப் பிள்ளைகளுக்குத் தெருநாயைக் கண்டாலே பயம்.

எனவே, பண்ணைக்குப் போக முடியாதவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். உயர்நிலை மூன்றில் மாணவர்கள் ஐந்து நாள் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ முகாமுக்குப் போகிறார்கள். தொடக்கநிலை மூன்றிலோ நான்கிலோ ஒரு காலை நேரத்தை லாயத்தில் கழிக்க ஏற்பாடு செய்தால் என்ன? சவாரிகூட வேண்டாம். தேய்ப்பது, தண்ணீர் தூக்குவது, சாணம் அள்ளுவது போதும். இங்கே லாயங்கள் இல்லாமல் இல்லை. உடற்குறையுள்ளோருக்கான குதிரையேற்றச் சங்கம் 1982லிருந்து இயங்குகிறது. உடற்குறையுள்ள பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி வழியாகச் சிகிச்சை தருகிறார்கள், அதற்குத் தொண்டூழியர்களும் தேவை. பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இருக்கும் நாம் அங்கிருந்து தொடங்கலாம்.

ஒவ்வாமை, காயம், காப்பீடு, சாணத்தின் வாடை என்று பெற்றோரிடமிருந்து எதிர்ப்பு வரும். முதல் மூன்றுக்கும் விவரமாகப் பதில் சொல்லியாக வேண்டும். வாடைக்குச் சோப்பு இருக்கிறது.

வரும் டிசம்பரில் தம்பி தங்கையோடு வெளிநாட்டுப் பண்ணைக்குப் போகிறவர்கள், முன்பதிவு செய்யும் பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும் என்பதால், சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். சவாரிக்குக் குறைந்தபட்ச வயது என்ன? பிள்ளைகளின் அளவுக்குத் தலைக்கவசம் இருக்கிறதா? ஒரு பணியாளருக்கு எத்தனை பேர்? குதிரைகளுக்கு ஓய்வு நாள் உண்டா? ஏறுவதற்கு முன் பிள்ளை குதிரையைத் தேய்த்துவிட முடியுமா? கடைசிக் கேள்விக்கு, “அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம், நீங்கள் வந்து ஏறினால் போதும்” என்று பதில் வந்தால், வேறு பண்ணையைத் தேடுங்கள்.