மூக்கில் ஏன் இத்தனை பாரம்?

நிசான் 240எஸ்எக்ஸில் டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சினைத்தான் பொருத்த வேண்டுமாம். மற்றதெல்லாம் வீண் செலவாம். ஆயிரம் குதிரைத்திறனைத் தாங்கும் என்பது நண்பரின் வாதம். தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அது வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட 3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். அந்தப் பாரம் முன்பக்கம் ஏறி, வளைவில் கார் மூக்கைத் திருப்பத் தயங்கினால் குதிரைகளை எண்ணி என்ன பயன்?

ஜப்பானில் இதே சேஸியில் வந்த சில்வியாவுக்கு 1991 முதல் நிசானே எஸ்ஆர்20டிஇடி கொடுத்தது: 2 லிட்டர், அலுமினிய பிளாக், டர்போவுடன் 205 குதிரைத்திறன். மவுண்டும் கியர்பாக்ஸும் அந்த உடலுக்கென்றே செய்தவை. வெட்டி ஒட்டும் வேலை குறைவு. மிச்சமாகும் பணத்தை பிரேக்கில் போடுங்கள். அதற்கும் முன்னால், நல்ல ரேடியேட்டர் ஒன்று வாங்குங்கள்.