கழுத்துல கை வைக்காதே!

ஞாயிற்றுக்கிழமை சலூன். கட்டிங் முடிந்ததும் ஒரு கை தாடையில், இன்னொரு கை பின்மண்டையில். ‘‘லூசா விடுங்க சார்!’’ டக்! அந்தப் பக்கம் இன்னொரு டக்! சொர்க்கம். டிப்ஸ் கொடுத்துவிட்டு வருவேன்.

போன வருஷம் வரை.

என் ஆபீஸ் நண்பன் ஒருவன் இப்படி ‘டக்’ வாங்கிய மறுநாள், பின்கழுத்தில் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் நாற்காலியிலிருந்து எழுந்தவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். பேச்சு குழறியது. ‘‘என்னப்பா, காலங்கார்த்தாலயேவா?’’ என்று ஒருத்தர் ஜோக் அடித்தார். நானும் சிரித்தேன். சோடா கொடுத்து, ஃபேனுக்கடியில் உட்கார வைத்து, ஒரு மணி நேரத்தை வீணடித்தோம். ஸ்கேனில் தெரிந்தது, கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கிறது என்று. அவனுக்கு வயசு 31.

டாக்டர் பேப்பரில் படம் போட்டு விளக்கினார். மூளை, உடம்பு எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் 15 சதவிகிதம், நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர், அதற்கே போகிறது. இத்தனை வாங்கியும் சேமிப்பு கிடையாது. சுத்த அன்றாடங்காய்ச்சி! சப்ளை மொத்தமாக நின்றால் பத்தே செகண்டில் நினைவு போய்விடும். சில நிமிஷங்களில் செல்கள் சாக ஆரம்பிக்கும்.

இவ்வளவுக்கும் நாலே குழாய். முன்பக்கம் இரண்டு கரோட்டிட். தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிக்கிறதே, அதுதான். பின்பக்கம் இரண்டு வெர்டிப்ரல். இவை கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியே, ஊசியில் நூல் கோத்த மாதிரி ஏறி, மேலே வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. வெடுக்கென்று திருகும்போது இழுபடுவது அந்த வளைவுதான். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மேலே போய் அடைத்துக்கொள்ளும்.

நாலும் மூளைக்கடியில் ஒரு வளையமாகச் சேர்கின்றன. 1664-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் இதை விளக்கிப் புத்தகம் போட்டார். ஒரு ரோடு அடைத்தால் இன்னொன்று கைகொடுக்கிற ரிங் ரோடு. ஆனால் நம்மில் பல பேருக்கு அந்த ரிங் ரோடு முழுசாகவே இருப்பதில்லையாம்!

சொடக்கு எடுத்த எல்லாருக்கும் இப்படி ஆகாது. ரொம்ப அபூர்வம். ஆனாலும் நான் பி.காம். ஆயிற்றே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவு: ஒரு டக். செலவு: சில சமயம், மொத்த முதலும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் சோடா வேண்டாம், ஜோக்கும் வேண்டாம். உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

நண்பன் திரும்ப ஆபீஸ் வருகிறான். மாடிப்படியில் மட்டும் கைப்பிடியை விடுவதில்லை.

போன ஞாயிறு சலூனில், ‘‘கழுத்து மட்டும் வேண்டாம்ணே’’ என்றேன்.

‘‘ஏன் சார், பயமா?’’

‘‘இல்லண்ணே, மொத்தமே நாலு குழாய்தான் இருக்கு!’’