ஷீட்டில் பெயர் இல்லாத அம்மா

மாறுவேடப் போட்டி, குழந்தைகள் தினம், விளையாட்டு விழா என்று பள்ளியில் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. 'ஹெல்ப்புக்கு யாராவது வர முடியுமா பேரன்ட்ஸ்?' என்று வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மிஸ் கேட்பார். 'ஓகே மேம்', கும்பிடு எமோஜி, கட்டைவிரல் என்று வரிசையாக வந்து விழும். விழா நாளில் பார்த்தால் நாலு பேர் ஜூஸ் கொண்டுவந்திருப்பார்கள், பேப்பர் கப்பை ஒருவரும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். ஓடி ஓடி வேலை பார்ப்பதும் வழக்கமான அதே மூன்று அம்மாக்கள்தான்!

இதற்குத்தான் இப்போது பல வகுப்புகளில் 'கூகுள் ஷீட்' போட ஆரம்பித்திருக்கிறார்கள், தோழிகளே. என்னென்ன வேலை என்று பட்டியல் போட்டு லிங்க்கை குரூப்பில் பகிர்ந்துவிட்டால், முடிந்தவர்கள் பெயர் எழுதிக்கொள்ளலாம். எது நிரம்பியது, எது காலி என்று எல்லோருக்கும் தெரியும்.

ஷீட் போடுகிறவர்கள் முதலில் பள்ளியின் அனுமதியை வாங்கிவிடுங்கள். பிறகு வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரியுங்கள். 'அலங்காரம்' என்று மொட்டையாக எழுதினால் யாரும் தொடமாட்டார்கள். 'காலை 8 முதல் 9 வரை, பலூன் ஊதிக் கட்ட, 3 பேர்' என்று எழுதினால், 'ஒரு மணி நேரம்தானே' என்று முன்வருவார்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளையும் சேருங்கள். கிரீடம் வெட்டுவதை ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகுகூடச் செய்யலாமே! 'அம்மா பெயர்' என்று தலைப்பு வைக்காமல் 'வருபவர் பெயர்' என்று வையுங்கள். அப்பா, தாத்தா, அத்தை யாராக இருந்தாலும் வரட்டும்.

லிங்க் உள்ள எல்லோரும் திருத்தலாம் என்று செட்டிங் வைத்தால், யாராவது கைதவறி மொத்தப் பட்டியலையும் அழித்துவிடக் கூடும். பதற வேண்டாம். 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் போனால் பழையதை மீட்டுவிடலாம். ஆனால், அந்த லிங்க் எங்கெல்லாம் ஃபார்வர்டு ஆகும் என்பது நம் கையில் இல்லை. அதனால் போன் நம்பர், வீட்டு முகவரி, குழந்தையின் போட்டோ எதுவும் அதில் வேண்டாம். எந்தக் குழந்தைக்கு என்ன அலர்ஜி என்பதை அந்தந்தப் பெற்றோர் வகுப்பு ஆசிரியரிடம் நேரில் சொல்லட்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். எல்லோருக்கும் தெரியும் என்பது ஷீட்டின் பலம். சங்கடமும் அதுவேதான். யார் பெயர் இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறதே! நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற அம்மா, படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவர், ஒருநாள் லீவு போட்டால் அன்றைய கூலியை இழப்பவர் எல்லோரும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். 'இன்னும் பெயர் கொடுக்காதவர்கள்' என்று குரூப்பில் பட்டியல் போடுவது அவர்களைக் கூனிக்குறுக வைக்கும். 'உங்க அம்மா ஏன் வர மாட்டேங்கறாங்க?' என்ற கேள்வி கடைசியில் அந்தக் குழந்தையிடம்தான் வந்து நிற்கும். ஷீட் என்பது அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் அல்ல. யார் எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்ற விவரமும் அதில் இடம்பெறக் கூடாது.

ஸ்மார்ட்போன் இல்லாத பெற்றோரையும் மறந்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எந்தப் பள்ளியாக இருந்தாலும், பிள்ளைகளின் வகுப்பில் பங்கெடுக்கும் ஆசை எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. அதை ஒரு லிங்க் தடுக்கலாமா? அதே பட்டியலை ஒரு பிரின்ட் எடுத்து வகுப்பு வாசலில் ஒட்டுங்கள். பிள்ளையை விட வரும்போது பேனாவால் எழுதிவிட்டுப் போகட்டும். போனில் சொன்னால் நீங்களே ஷீட்டில் நிரப்பிவிடுங்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். விழா முடிந்ததும் ஷீட்டை அழித்துவிடாமல், பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு வைத்திருங்கள். அடுத்த வருடம் பொறுப்பேற்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பாதி வேலை மிச்சம்!