மெழுகுவர்த்தி அளக்காத ஐந்தில் ஒரு பங்கு

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சற்று நேரத்தில் சுடர் அணைகிறது. தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. “எரிந்ததில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. அதன் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. ஏறிய உயரம் ஐந்தில் ஒரு பங்கு, ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்” என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அறிவியல் கண்காட்சிகளிலும் செய்முறை வீடியோக்களிலும் இந்த விளக்கம் இன்னும் உலவுகிறது. முடிவு என்னவோ உண்மைதான். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு. ஆனால் இந்தச் சோதனை அதை நிறுவவில்லை. சரியான விடைக்குப் பொய்ச்சான்று காட்டுவது தவறான விடையைவிடக் கெடுதலானது என்பேன். விடை சரியாக இருப்பதால் சான்றை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது என்பதிலிருந்தே தொடங்கலாம். தீர்வதில்லை. மூடிய இடத்தில் அது ஏறக்குறைய 16 விழுக்காட்டுக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். 100 பங்கு காற்றில் செலவாவது ஐந்து பங்கு. அந்த ஐந்தின் இடமும் காலியாகிவிடுவதில்லை. 25 கார்பன் அணுக்கள் கொண்ட மெழுகு மூலக்கூறு ஒன்று முழுதாக எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். எரிந்தபின் 25 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் 26 நீர் மூலக்கூறுகளும் கிடைக்கும். நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும் என்று ஒதுக்கினாலும், போன ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு வந்து உட்கார்ந்துவிடுகிறது. நிகரக் குறைவு 100க்கு இரண்டுகூட இல்லை. தண்ணீரோ அதைவிடப் பல மடங்கு ஏறுகிறது.

“கார்பன் டை ஆக்சைடுதான் தண்ணீரில் கரைந்துவிடுமே?” என்று சிலர் கேட்பார்கள். கரையும், ஆனால் அசையாத நீர்ப்பரப்பின் வழியே மெல்லத்தான் கரையும். தண்ணீர் ஏறுவது நொடிகளில் நடக்கிறது. ஒரு பேச்சுக்கு முழுவதும் கரைந்ததாக வைத்தாலும் குறைவு ஐந்து பங்கைத் தாண்டாது.

கணக்கே வேண்டாம், கண் போதும். ஆக்சிஜன் செலவாவதுதான் காரணம் என்றால், சுடர் எரிய எரியத் தண்ணீர் சீராக ஏறிக்கொண்டே வரவேண்டும். நடப்பது வேறு. சுடர் நன்றாக எரியும்வரை தண்ணீர் பெரிதாக அசைவதில்லை. சுடர் மங்கி அணையும்போதுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. கவிழ்த்தவுடன் டம்ளரின் விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதையும் பல தடவை பார்க்கலாம். சுடரின்மேல் கவிழ்க்கும்போது உள்ளே அடைபடுவது சூடாகி விரிந்த காற்று. சுடர் அணைந்ததும் அது ஆறிச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

“நாங்கள் அளந்தோம், ஐந்தில் ஒரு பங்கு வந்ததே!” இதுதான் வலுவான வாதம், இதற்குத்தான் நின்று பதில் சொல்லவேண்டும். சராசரியாக 100 டிகிரி செல்சியஸில் இருந்த காற்று 30 டிகிரிக்கு ஆறினால் அதன் பருமன் சுமார் 19 விழுக்காடு குறையும். அதுவும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்! ஒரே எண்ணை இரண்டு விளக்கங்களும் தருகின்றன என்றால், அந்த எண் எதற்கும் சாட்சியாகாது. இரண்டும் வெவ்வேறு விடை சொல்லும் இடத்தைத் தேடிப்பிடித்து அங்கே சோதிக்கவேண்டும். அறிவியல் முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அப்படியோர் இடம் கைக்கெட்டும் தூரத்திலேயே உண்டு. அதே டம்ளர், அதே அளவு தண்ணீர், ஒரே உயரமுள்ள மெழுகுவர்த்திகள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. எண்ணிக்கையைத் தவிர எதையும் மாற்றக்கூடாது. தீக்குச்சியைக் கிழிக்குமுன் பிள்ளைகள் தங்கள் கணிப்பை எழுதிவிடவேண்டும். டம்ளரில் உள்ள ஆக்சிஜன் மாறாததால், ஆக்சிஜன் விளக்கத்தின்படி தண்ணீர் மூன்று முறையும் ஒரே உயரம் ஏறவேண்டும். வெப்ப விளக்கத்தின்படி, மெழுகுவர்த்தி கூடக்கூட உயரமும் கூடவேண்டும். கூடவே செய்கிறது. ஒவ்வொன்றையும் சில தடவை திரும்பச் செய்து, வந்த அளவுகள் எல்லாவற்றையும் பதிய வேண்டும். பிடித்ததை மட்டும் அல்ல.

காற்றிலிருந்து ஆக்சிஜனை உண்மையிலேயே பிரித்தெடுக்கும் சோதனைகள் உண்டு. வேதியியலாளர் லவாய்சியர் 1789இல் வெளியிட்ட நூலில் அப்படி ஒன்றை விவரிக்கிறார். அடைத்த காற்றோடு பாதரசத்தை 12 நாள் சூடாக்கியதில் 50 கன அங்குலக் காற்று 42, 43 என்ற அளவுக்குக் குறைந்தது. இந்தக் குறைவு ஆறில் ஒரு பங்குக்கு அருகில்தான் வருகிறது. அவர் அளந்ததை எழுதினார். நம் செய்முறைக் குறிப்பேடுகளில் விடையை முதலில் எழுதிவிட்டு அளவை அதற்கேற்ப வளைக்கும் வழக்கம் என்னை வருத்துகிறது.

பாதரச ஆவி நஞ்சு, வகுப்பறைக்கு ஆகாது. அங்கே இரும்புத்தூள் போதும். சோதனைக்குழாயின் உட்சுவரை நனைத்து, இரும்புத்தூளைத் தூவி ஒட்டவைத்து, தண்ணீரில் கவிழ்த்து நிறுத்தவேண்டும். சில நாளில் இரும்பு துருப்பிடிக்க, தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறி நின்றுவிடும். இன்னும் அதிகத் தூள் போட்டாலும் அதற்குமேல் ஏறாது. ஆக்சிஜனை அளக்கும் சோதனை என்றால் இப்படி நடந்துகொள்ள வேண்டும்.

“வகுப்பில் தீ ஆபத்து, வீடியோ போதும்” என்பாரும் உண்டு. பயம் நியாயமானது, முடிவு நியாயமில்லை. வீடியோவில் மெழுகுவர்த்தியின் எண்ணிக்கையை எந்தப் பிள்ளையாலும் மாற்றிப் பார்க்க முடியாது. குட்டையான மெழுகுவர்த்தியைக் களிமண்ணில் அசையாமல் நிறுத்தி, ஆசிரியரே பற்றவைக்கட்டும். துப்பட்டாவும் அவிழ்ந்த கூந்தலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். மின்விசிறி நின்றிருக்க வேண்டும். சானிட்டைசர் பாட்டில் மேசையில் இருக்கவே கூடாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், விரிசல் இல்லாத டம்ளர், அது ஆறும்வரை தொடாத கை. சின்ன வகுப்பென்றால் தீயே வேண்டாம். கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரை டம்ளரில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்து, கொட்டிவிட்டு, உடனே தட்டுத் தண்ணீரில் கவிழ்த்தாலே தண்ணீர் சற்று ஏறும். எதுவும் எரியவில்லை, ஆக்சிஜன் துளியும் செலவாகவில்லை. முதல் விளக்கத்துக்கு இதைவிட நேரான மறுப்பு தேவையில்லை.

கடைசியாக, மதிப்பெண். “தேர்வில் ஐந்தில் ஒரு பங்கு என்றுதானே எழுதவேண்டும்?” அப்படியே எழுதட்டும், அது சரியான விடை. சான்று கேட்டால் இரும்புத்தூள் ஒட்டிய சோதனைக்குழாயை வரையட்டும்.