ஒளிக்க ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போடாதீர்கள்

அமெரிக்காவில் கார் விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரை, மோதியவரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி சீக்கிரமே தேடி வந்துவிடும். கிளெய்மைக் கவனிக்கும் அதன் ஊழியரான அட்ஜஸ்டர் போனில் கனிவாக நலம் விசாரிப்பார். பின்னாலேயே ஒரு படிவம் வரும்: என் மருத்துவப் பதிவுகளை இந்தக் கம்பெனிக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறேன். அங்குள்ள நம்மவர்களில் பலர் மறுபேச்சில்லாமல் கையெழுத்திடுகிறார்கள். "நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒத்துழைத்தால் சீக்கிரம் பணம் வரும்" என்று ஒருவருக்கொருவர் புத்தி வேறு சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்தப் புத்திமதி அடிபட்டவரை இரண்டாம் முறை அடிக்கிறது.

மோதியவரின் கம்பெனிக்கும் உங்களுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. கம்பெனி கொடுக்க வேண்டிய தொகையைக் குறைப்பது அட்ஜஸ்டரின் வேலை. அவர் அனுப்பும் படிவத்தில் பெரும்பாலும் எந்த மருத்துவர், எந்த ஆண்டிலிருந்து, எந்த உறுப்பு என்ற வரம்பு எதுவும் இருக்காது. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்று 2014-இல் டாக்டரிடம் சொல்லியிருப்பீர்கள். நீங்களே மறந்துபோன அந்த ஒரு வரி போதும். இன்று விலகிய முதுகெலும்பு வட்டு பழைய கோளாறாகிவிடும். கருச்சிதைவு, மனச்சோர்வு மாத்திரை என்று விபத்தோடு ஒட்டாதவையும் முன்பின் தெரியாத ஒருவரின் மேசைக்குப் போகும்.

அடிபட்டவரை அவர் இருந்த நிலையிலேயே மோதியவர் ஏற்க வேண்டும் என்பது அமெரிக்க நீதிமன்றங்களில் நெடுங்காலமாக நிலைத்த நெறி. பலவீனமான முதுகு விபத்தால் மோசமானால், அப்படி மோசமானதற்கு நஷ்டஈடு உண்டு. ஆனால் பெரும்பாலான கிளெய்ம்கள் நீதிபதி முன்னால் போவதே இல்லை. பேரத்தில் முடிகின்றன. அங்கே அந்தப் பழைய வரிதான் விலையைக் குறைக்கிறது. பழைய வலி இருந்ததா என்று கேட்டால் பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மை சொல்வது வேறு, வாழ்நாள் கோப்பு முழுவதையும் எதிராளியிடம் ஒப்படைப்பது வேறு.

மருத்துவத் தகவல்களின் ரகசியத்தைக் காக்கும் 'ஹிப்பா' (HIPAA) சட்டம் காப்பாற்றும் என்பதும் வீண் நம்பிக்கை. 1996-இல் வந்த அந்தச் சட்டம் மருத்துவமனையையும் மருத்துவரையும் உடல்நலக் காப்பீட்டையும் கட்டுப்படுத்தும்; கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. உங்கள் கையெழுத்தால் வெளியே போனது வேறு கைகளுக்கும் போகக்கூடும் என்று படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். சம்மதத்தைப் பின்னர் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். போன காகிதம் திரும்பாது.

உங்கள் சொந்தக் கம்பெனி கேட்பது வேறு விஷயம். நியூ ஜெர்சி, நியூ யார்க், மிச்சிகன் போன்ற மாநிலங்களில் தவறு யாருடையதானாலும் மருத்துவச் செலவை முதலில் உங்கள் பாலிசியே ஏற்கும் ஏற்பாடு உண்டு. பாலிசியில் ஒத்துழைப்பு ஒரு நிபந்தனை. அங்கே முரண்டு பிடித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அப்போதும் வரம்பு கேட்கலாம்.

கையெழுத்திடாவிட்டால் பணமே வராது என்கிறார்களே? கம்பெனிக்குத் தேவை காயத்துக்கான ஆதாரம். உங்கள் பதிவுகளின் நகலைப் பெறும் உரிமையை அதே ஹிப்பா உங்களுக்குத் தருகிறது. பொதுவாக 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அவசர சிகிச்சை அறிக்கை, எக்ஸ்ரே, பிசியோதெரபி குறிப்புகள், பில்கள் ஆகியவற்றை நீங்களே, அல்லது உங்கள் வக்கீல் மூலம் அனுப்புங்கள். படிவம்தான் வேண்டும் என்றால் மருத்துவமனையின் பெயர், விபத்து நாள் முதல் இன்ன தேதி வரை, இன்ன உறுப்பு என்று எழுதிச் சுருக்குங்கள். வழக்கானால் பழைய பதிவுகளையும் கேட்பார்கள்தான். ஆனால் கழுத்துக் காயத்துக்குக் கழுத்தின் பழைய கதையைத் தாண்டி எதுவரை போகலாம் என்பதை அங்கே நீதிபதி தீர்மானிப்பார்.

அவசரமும் இல்லை. காயத்துக்கு வழக்குத் தொடர கலிபோர்னியா, டெக்சாஸ், நியூ ஜெர்சியில் பொதுவாக 2 ஆண்டு, நியூ யார்க்கில் 3 ஆண்டு அவகாசம் உண்டு. விசாவில் இருப்பவர்கள், மறுத்தால் ஏதாவது சிக்கல் வருமோ என்று பயப்படுகிறார்கள். அது அரசாங்கத்தின் தாள் அல்ல. ஒரு தனியார் கம்பெனியின் படிவத்தில் கையெழுத்திட மறுப்பது எந்த மாநிலத்திலும் குற்றமில்லை.