கல்லைச் சாட்சிக்கு அழைப்போர்

புதுக்கடை நீதிமன்றப் படிக்கட்டுகளில் ஒருநாள் காலை நின்று பார்த்தவர்கள் அறிவார்கள், நம் நாட்டில் மனிதருக்கும் மனிதருக்கும் இடையே எழும் பிணக்குகளுள் காணிப் பிணக்குக்கு உள்ள ஆயுளை. பாட்டன் முடித்த உறுதி, பூட்டன் காலத்துத் தோம்பு, நொத்தாரிசின் மங்கிய கையொப்பம், எல்லை வேலியில் நின்ற பூவரசு ஆகிய யாவும் அங்கே சாட்சி சொல்ல வருகின்றன. தோம்பு என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றனர். அந்த ஏட்டை ஒல்லாந்தர் விரித்து எழுதினர். அந்த இடத்தின் ஆங்கிலப் பெயரே 1656ஆம் ஆண்டுக் கொழும்பு முற்றுகையில் மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஜெராட் ஹுல்ஃப்ட் என்பவனின் பெயரிலிருந்து பிறந்தது. இறந்தவர் பெயரைச் சொல்லி இருப்பவர் வழக்காடுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஆயின், அப்படிக்கட்டுக்கு வராத, எந்தப் பதிவேட்டிலும் எண்ணிடப்படாத பெரிய காணி வழக்கொன்று நம்மிடையே நெடுங்காலமாக நடந்து வருகின்றது. அதில் வாதிகள் தனி மனிதரல்லர், இனங்கள். காட்டப்படும் உறுதி ஓலையுமல்ல, காகிதமுமல்ல, கல். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எவரோ தம் இறந்தோருக்காக நட்ட கல்லையும், புதைத்த தாழியையும் கூண்டிலேற்றி, ‘சொல், நீ எவருடைய முன்னோன்?’ என்று மிரட்டுகின்றனர். மற்றொரு சாரார், ‘அது பேசாது, அது மர்மம்’ என்று கைகூப்பி நிற்கின்றனர். இவ்விரு சாராரையும் மறுக்கவே நாம் இங்கு முன்வந்துள்ளோம்.

முதலில் அக்கற்கள் யாவையென்று பார்ப்போம்.

தென்னிந்தியாவில், குறிப்பாகச் செங்கற்பட்டு, புதுக்கோட்டை, கொங்கு நாடு, கிருஷ்ணகிரி ஆகிய பகுதிகளில் மேட்டு நிலத்தில் நடப்பவன் வட்டமாகப் பதிந்து கிடக்கும் உருண்டைப் பாறைகளைக் காணாதிருக்க முடியாது. இவையே கல்வட்டங்கள். வட்டத்தின் நடுவே சரளைக் குவியல். அதனடியில் பலகைக் கற்களால் அமைந்த கல்லறையோ, தாழியோ, கால்கள் பொருத்திய சுடுமண் பேழையோ இருக்கும். கல்லறைப் பலகையொன்றில் பெரும்பாலும் வட்டத் துளையிட்டிருப்பர். உள்ளே முழு உடல் கிடைப்பது அரிது. வெளியில் இட்ட உடலின் எலும்புகளைப் பின்னர் பொறுக்கி வந்து வைத்திருக்கின்றனர். கூடவே கறுப்பு-சிவப்புக் கலங்கள், இரும்பு வாள், ஈட்டி, கொழு, மணிகள். கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உட்புறமும் வாய்விளிம்பும் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும். அக்குயவனின் சூளை நுட்பம் அவ்வளவே, அவ்வளவும்.

நம் ஈழத்தில் நாம் மிகுதியாக அறிந்தவை தாழிகளும் கற்பேழைகளும் ஆகும். வில்பத்துக் காட்டினுள் பொம்பரிப்பு என்னும் பரந்த இடுகாடு உள்ளது. 1920களில் ஹோகாட் அங்கே அகழ்ந்தார். 1950களில் தொல்பொருள் திணைக்களமும், 1970இல் விமலா பெக்லியின் குழுவினரும் மீண்டும் அகழ்ந்தனர். தம்புள்ளைக்கு அண்மையில் இப்பன்கட்டுவயில் கற்பேழைகள் கூட்டங்கூட்டமாகக் கிடக்கின்றன. அவற்றின் காலம் ஏறக்குறைய கி.மு. 700 முதல் 450 வரை. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980-81இல் பல்கலைக்கழகக் குழுவொன்று அகழ்ந்தபோது, எலும்புக்கூட்டின் அருகே ஒரு முத்திரை கிடைத்தது. அதில் மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துகளும் உள்ளன.

இனி, மர்மம் பேசுவோரிடம் வருவோம்.

கல்லைக் கண்ட ஊரார் கதை கட்டினர். வனவாசத்துப் பாண்டவர் தங்கிய குழி என்றனர் சிலர். குள்ளர் குடியிருந்த வீடென்றனர் சிலர். சாவு வராது சுருங்கிப்போன கிழவரை விளக்கும் சோறும் வைத்துத் தாழியில் இறக்கினரென்றனர் வேறு சிலர். இக்கதைகளை நாம் எள்ளவில்லை. புத்தகமில்லாத உழவன் தன் வயலோரத்துக் கல்லுக்குத் தானறிந்த விளக்கத்தைத் தந்தான். அக்கதையே பலவிடங்களில் கல்லைக் காத்தும் நின்றது, அஞ்சியவன் கடப்பாரை ஓங்கவில்லை.

நாம் எள்ளுவது புத்தகம் படித்தவரின் மர்ம வணிகத்தை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சை மந்திரவாதி மெர்லின் அயர்லாந்திலிருந்து கொணர்ந்தான் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதினர். பதினேழாம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் அது உரோமர் கட்டியதென வாதிட்டார். நம் காலத்திலோ வேற்றுக் கோளிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிட்டனர். அந்தப் பழைய பிரித்தானிய விவசாயிக்கு மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை! அதன் நடுவே கிடக்கும் பலிபீடக் கல்லெனப்படுவது வடகிழக்கு ஸ்கொட்லாந்துப் பாறை என்று 2024ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. எழுநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு. ஆறு தொன் எடை. சில்லும் இரும்பும் அறியாத மனிதர் அதைக் கொண்டுவந்தனர். இது மந்திரத்தைவிட வியப்பன்றோ?

மர்மப் பேச்சு எப்போதும் குற்றமற்ற பொழுதுபோக்காக இருந்துவிடுவதில்லை. ஆபிரிக்காவின் தென்பகுதியில் உள்ள பெரிய சிம்பாப்வேயின் கற்கோட்டத்தைக் கண்ட வெள்ளையர், இது கறுப்பர் கட்டியதாக இருக்க முடியாதென்று தீர்ப்பளித்தனர். சேபாவின் அரசியையும் பினீசியரையும் அழைத்து வந்தனர். 1929இல் கேட்ரூட் கேட்டன்-தொம்சன் அகழ்ந்து, ஆபிரிக்கரே கட்டினரென்று ஐயமற நிறுவிய பின்னும், றொடீசிய வெள்ளையராட்சி அவ்வுண்மையை அமுக்கவே முயன்றது. ‘எவர் கட்டினரோ, மர்மம்’ என்ற ஒரு சொல்லால் ஒரு மக்களினத்தின் உழைப்பையும் நிலத்தையும் ஒருங்கே களவாட முடிந்தது. 1980இல் விடுதலை பெற்ற அந்நாடு அக்கற்களின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது தற்செயலன்று.

ஆகவே, ‘என்ன மர்மமோ!’ என்று எவராவது பெருமூச்செறியும்போது, அப்பெருமூச்சின் பின்னே எவருடைய உழைப்பு மறைக்கப்படுகின்றது என்று கேட்கப் பழகுவோம்.

அந்த உழைப்பு எத்தகையது? பாறையில் நெருப்பு மூட்டிக் காய்ச்சி, நீரூற்றி வெடிக்கச் செய்து, ஆப்பறைந்து பலகையாகப் பெயர்க்க வேண்டும். மரத்தடிகளின் மேலேற்றி, கயிறு கட்டி இழுக்க வேண்டும். நாகர் மலைகளில் இப்பழக்கம் நம் காலம்வரை நின்றது. விருந்தளித்துப் பெயர் நாட்ட விரும்பியவனின் கல்லை ஊரே கூடி இழுத்தது. இழுத்தவருக்கு அவன் சோறும் மதுவும் தந்தான். நம் பழைய கல்லறைகளையும் ஒருவன் தனியே எழுப்பியிருக்க முடியாது. ஒவ்வொரு கல்வட்டமும் ஓர் ஊரின் கூட்டுக் கை.

ஆனால், அக்கூட்டுக் கை எல்லோருக்காகவும் எழுந்ததா? இங்கேதான் கல் உண்மையாகவே பேசத் தொடங்குகின்றது. கொடுமணலில் ஒரு கல்லறையில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. பல கல்லறைகளில் சில கலங்களே. அதே ஊரில் மணி அறுத்துத் துளையிட்ட பட்டறையின் கழிவும், இரும்பு உருக்கிய உலையின் கசடும் வெளிவந்தன. மணியைத் துளைத்தவன் கழுத்தில் அம்மணி ஏறியதா? உலையூதியவனுக்கு வாளோடு கல்லறை கிடைத்ததா? ஊரிலே அனைவருக்கும் கல்லெழுப்பியிருந்தால் இன்று நாட்டில் கல்லைத் தவிர வேறொன்றும் இராது. கல் பெற்றவர் சிலர். கல்லைச் சுமந்தவர் பலர். சுடுதல், வெளியில் இடுதல், குழியிற் புதைத்தல், தாழ்வயின் அடைத்தல், தாழியிற் கவித்தல் என்று மணிமேகலை காட்டும் ஐவகை முடிவும் ஒரே ஊரில் அருகருகே நிகழ்ந்தன. அவற்றுள் எது எவருக்கு என்ற கேள்விக்குள் ஒரு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வே பொதிந்து கிடக்கின்றது.

இக்கேள்விகளை எவரும் ஊக்கத்தோடு கேட்பதில்லை. மாறாக, எங்கும் கேட்கப்படுவது ஒன்றே: ‘எவர் முதலில் வந்தவர்?’

இரண்டாம் சாரார் இவர்களே. 2020ஆம் ஆண்டு யூனில், கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென சனாதிபதி செயலணியொன்று அமைந்தது. பாதுகாப்புச் செயலாளர் அதற்குத் தலைவர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம் அது; எனினும் முதலில் பெயர் குறிக்கப்பட்டோருள் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. தொல்பொருளை ஆராய ஏன் படைத்துறை வர வேண்டும்? மண்வெட்டியால் தேடியது முன்னோரை அன்று, எல்லையை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? வரப்போரம் ஒரு பழஞ்செங்கல் தெரிந்தால் நாளை வேலி விழுமோ என்று உழவன் அஞ்சும் நாட்டில், தொல்லியல் அறிவாக வளராது, அச்சமாகவே வளரும்.

இதனைச் சொல்லும்போது நம் பக்கத்து முதுகையும் நாம் தடவிப் பார்த்தல் வேண்டும். ஆனைக்கோட்டை முத்திரையின் மூன்று பிராமி எழுத்துகளை வைத்து முழு அரசொன்றை மேடையில் எழுப்பியவர்கள் நம்மவரே. 2025 சனவரியில் தமிழ்நாட்டரசின் அறிக்கையொன்று, சிவகளை மாதிரியின் காலக்கணிப்பைக் கொண்டு இரும்பின் வயதைக் கி.மு. 3345 வரை பின்னோக்கிக் கொண்டுசென்றது. ஆய்வாளர் எடைபோட்டுக் கொண்டிருக்கும்போதே, ‘நாமே உலகுக்கு மூத்தோர்’ என்ற முழக்கம் எழுந்துவிட்டது. சிவகளைத் தாழியொன்றில் கிடந்த நெல்மணி கி.மு. 1155ஐச் சேர்ந்ததென 2021இல் அறிவித்தபோதும் ஆண்டைக் கொண்டாடினோம். நாற்று நட்டவளை நினைத்தோமில்லை.

உண்மை என்ன? தாழியில் கிடக்கும் எலும்புக்கு மொழியில்லை. கறுப்பு-சிவப்புக் கலம் சிங்களமும் பேசாது, தமிழும் பேசாது. அநுராதபுரத்து அடிமண்ணில் இரும்பு கி.மு. 900 அளவிலேயே தோன்றிவிட்டது. விசயன் வந்திறங்கியதாக மகாவம்சம் தரும் காலத்துக்கு அது பல தலைமுறை முந்தியது. அக்கலமும் அவ்விரும்பும் பொம்பரிப்பிலும் உண்டு, இப்பன்கட்டுவயிலும் உண்டு, ஆனைக்கோட்டையிலும் உண்டு. கடலுக்கு அப்பால் ஆதிச்சநல்லூரிலும் உண்டு. இன்று சிங்களவர் என்றும் தமிழர் என்றும் அழைத்துக்கொள்ளும் இரு சாராருக்கும் மூதாதையராக அம்மக்களைக் கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்துவதாகும்.

இதனை உரைத்தவருள் பேராசிரியர் கா. இந்திரபாலா முக்கியமானவர். 1965இல் இலண்டனில் அளித்த ஆய்வேட்டில் இந்நாட்டுத் தமிழ்க் குடியேற்றம் பிற்காலத்தது என்று கருதியவர் அவர். பின்னர் வந்த அகழ்வுகளைக் கண்டு, தம் கருத்தைத் தாமே திருத்தி, இனக்குழுக்கள் வந்திறங்கியவை அல்ல, இம்மண்ணிலேயே மெல்ல உருவானவை என்று 2005இல் ஆங்கிலத்திலும் 2006இல் தமிழிலும் நூல் செய்தார். அவரது முதற் கருத்தை ஒரு சாரார் இன்னும் மேற்கோள் காட்டுகின்றனர். பிற்கருத்தில் தமக்குச் சுவையான பகுதியை மட்டும் மறு சாரார் எடுத்துக்கொள்கின்றனர். சான்று மாறினால் கருத்தை மாற்றும் நேர்மையை மட்டும் இரு சாராரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே நண்பர்கள் ஒரு தடை எழுப்புவர். ‘எதிர்த்தரப்பு தொல்லியலை ஆயுதமாக்கும்போது நாம் மட்டும் ஏடு புரட்டிக்கொண்டிருப்பதா? எங்கள் உரிமைக்குக் கல்லைக் காட்டாமல் எதைக் காட்டுவது?’ இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. நிலமிழந்தவனின் குரல் அதில் உண்டு. ஆயினும் நாம் சொல்வோம்: ஒரு மனிதன் தான் உழுது உண்ணும் மண்ணில் வாழும் உரிமை, அவனுடைய முப்பாட்டன் எந்த ஆண்டில் எந்தத் தாழியில் கிடந்தான் என்பதைப் பொறுத்ததன்று. அப்படிப் பொறுத்ததென்று ஒருமுறை ஒப்புக்கொண்டோமானால், மலையகத்துத் தொழிலாளி எங்கே நிற்பான்? அவன் பாட்டன் வந்தது இரு நூற்றாண்டுக்குட்பட்ட காலத்தில். அவனுக்குத் தாழியில்லை, கல்வட்டமில்லை. தேயிலைக்கடியில் புதைந்த எலும்புகளே உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவனிடம் கேட்டதும் இதே கேள்விதான்: ‘உன் முன்னோருக்குச் சான்று எங்கே?’ அக்கேள்வியை அன்று கொடுமையென்றோம். இன்று அதையே நம் ஆயுதமாக எடுப்போமா? உரிமைக்கு அடிப்படை உழைப்பும் வாழ்வுமே, தொன்மை அன்று.

இதற்கிடையில் கற்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. கல்லுடைக்கும் ஆலைக்குக் கல்வட்டமும் கல், கருங்கல் மலையும் கல். வீதிக்குச் சல்லியாகவும், வீட்டுக்கு அத்திவாரமாகவும், வாழைத் தோட்டத்துக்கு வரப்பாகவும் அவை மாறிவிட்டன. புதையல் தேடுவோர் நள்ளிரவில் குழிபறித்து, பொன்னில்லையென்று கலத்தை உடைத்தெறிந்து போகின்றனர். மேடைகளில் முன்னோர்க்காக உயிரையும் விடுவோம் என்பவர்கள் இதற்காக ஒருநாள் கூலியையும் விடுவதில்லை.

நாம் வேண்டுவன சிலவே. அகழ்வறிக்கைகள் பெட்டியில் உறங்காமல் சிங்களத்திலும் தமிழிலும் வெளிவரட்டும். அகழ்வுக் குழுவில் எல்லாச் சமூகத்து மாணவரும் ஒன்றாய் நின்று மண் சலிக்கட்டும். அவ்வூர் மக்களைக் காவலர் ஆக்குக. குற்றவாளிகளைப்போல் வேலிக்கு வெளியே நிறுத்தாதீர். பொம்பரிப்பையும் இப்பன்கட்டுவயையும் ஆனைக்கோட்டையையும் ஒரே பாடத்தில், ஒரே மக்களின் கதையாக நம் பிள்ளைகள் படிக்கட்டும்.

இத்தனைக்குப் பின்னும் விடை தெரியாதவை இருக்கும். தாழியிற் கிடப்பவளின் பெயர் என்ன? கலத்தில் கீறிய அக்குறி குலத்துக்கா, உடைமைக்கா, வேண்டுதலுக்கா? துளையிட்ட பலகை உயிர் வெளியேறவா, உணவு உட்செல்லவா? கல்லின் உண்மையான மர்மம் இதுவே. இது நம்மை மண்டியிடச் சொல்லவில்லை, ஆராயச் சொல்கின்றது.

புதுக்கடையில் சாட்சியை மிரட்டிப் பெற்ற வாக்குமூலம் செல்லாது. மூவாயிரம் ஆண்டுச் சாட்சிக்கும் அந்த நியாயத்தையாவது வழங்குவோம். தம் இறந்தோரின் மேல் அன்பு கொண்டு, பசித்த வயிற்றோடும் பாறையை இழுத்து வந்து வட்டமாக நட்டவர் அம்மக்கள். அவ்வட்டத்தைச் சுற்றி நாம் முள்வேலி இட வேண்டாம்.