திடலிலும் வீட்டிலும் நற்பழக்கம்



ராசா வட்டாரத் தோட்டப்புறங்களில் மாலை வேளையில் சிறுவர்கள் விளையாடுவதைக் காணும்போதெல்லாம் என் உள்ளம் பூரிக்கின்றது. அவர்களுள் சிலர் ஹாக்கி மட்டையைக் கையில் ஏந்தி, நாட்டுக்காக ஆடவேண்டும் என்றும் கனவு காண்கின்றனர். நல்ல கனவுதான். அதனை நனவாக்க வல்லவை நற்பழக்கங்களே என்பது என் கருத்து.

1975-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றபோது நான் லயத்து வீட்டில் வளர்ந்த சிறுவன். வானொலி இருந்த வீட்டு வாசலில் எல்லாம் கூட்டம் கூடியது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் மகேந்திரன் முதலியோர் ஆடிய நம் அணி, 1973-இல் கிண்ணம் வென்ற ஹாலந்தையே வீழ்த்தி அரையிறுதிக்கு முன்னேறியது. அங்கே இந்தியாவை எதிர்த்து 2-1 என முன்னணியிலும் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷேர் கான் பெனால்டி கார்னர் வாய்ப்பில் கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்றது. பின்னர்க் கிண்ணத்தையும் கைப்பற்றியது. மலேசியா நான்காம் இடத்தைப் பெற்றது.

அன்று அழுத நான், பிற்காலத்தில்தான் ஒன்றை உணர்ந்தேன். வெளியே அமர்ந்திருந்த அந்த ஆட்டக்காரர் முகம் வாடிக் கிடந்திருந்தால், அழைப்பு வந்த வேளையில் என்ன செய்திருக்க முடியும்? ஆடாத போதும் ஆயத்தமாக இருப்பதே விளையாட்டு வீரனின் முதற்பழக்கம்.

திடலில் நாவடக்கம் தேவை. நடுவரிடம் வாதாடுபவனுக்குப் பச்சை அட்டை காட்டப்பட்டால் இரண்டு நிமிடங்கள் வெளியே நிற்க வேண்டும். மஞ்சள் அட்டையானால் குறைந்தது ஐந்து நிமிடங்கள். அதுவரை மீதமுள்ள பத்துப் பேர் பதினொருவரின் சுமையைச் சுமக்கின்றனர். ஒருவன் வாய் செய்த தவற்றுக்கு அணி முழுவதும் அபராதம் கட்டுகின்றது! பந்தோ கல்லைப் போன்று கடினமானது. எடை ஏறத்தாழ 160 கிராம். ஆகவே அருகில் இருப்போரைப் பாராமல் மட்டையை ஓங்குவது வீரமன்று. கால் காப்பும் பல் காப்பும் அணிவது கோழைத்தனமும் அன்று.

திடலுக்கு வெளியே உள்ள பழக்கங்கள் இவற்றினும் முக்கியமானவை. நேரத்தோடு உறங்குதல், காலையுணவு உண்ணுதல், வீட்டுப் பாடத்தை முடித்தல், மட்டையைத் துடைத்து வைத்தல் ஆகியவற்றைப் பயிற்றுநர் வந்து கற்பிக்க இயலாது. புனேயை அடுத்த கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, உடைந்த மட்டைகளைக் கொண்டு ஆடிப் பழகியவர். அவர் 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். கிடைத்ததைப் பேணும் பழக்கம் இருந்தால் ஏழ்மை தடையாகாது.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் திறமை மிக்க மாணவன் ஒருவன் காலைப் பயிற்சிக்கு நாள்தோறும் தாமதமாக வந்தான். ஒழுங்கில்லை எனக் கடிந்து, அவனை அணியிலிருந்து நீக்கினேன். அவன் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. தாயார் விடியுமுன்பே வேலைக்காட்டுக்குச் சென்றுவிட, தம்பி தங்கையரைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பள்ளிக்கு அழைத்து வந்தவன் அவனே என்பதைப் பல மாதங்கள் கழித்தே அறிந்தேன். அணியிலேயே சிறந்த ஒழுக்கம் அவனிடம் இருந்தது. கேட்டறியும் பழக்கம்தான் என்னிடம் இல்லை. மீண்டும் அழைத்தபோது அவன் மட்டையைத் தொடவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகின்றது.

ஆதலின் பெரியோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகளிடம் நற்பழக்கம் வேண்டுமென்றால், அதற்குரிய வழியை நாம் அமைத்துத் தரவேண்டும். இரவு நெடுநேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அலறவிட்டு, “நேரத்தோடு தூங்கு” என்பதில் பயனில்லை. ஆறாம் ஆண்டு வந்ததும் “விளையாடியது போதும், படி” என்று மட்டையைப் பிடுங்குவதும் முறையன்று. ஆட்டத்தில் கற்ற கவனமும் காலந்தவறாமையும் பாடத்துக்கும் துணை நிற்கும். ஆசிரியர்களாகிய நாமும் தண்டிக்குமுன் காரணம் கேட்போம்.

மாணவர்களே, ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது பழமொழி. உங்கள் கையிலுள்ள வளைந்த மட்டையும் அதையே நினைவூட்டுகின்றது. இன்று தொடங்குங்கள். ஐம்பதைக் கடந்த நானும் கேட்டறியும் பழக்கத்தை உங்களோடு சேர்ந்து கற்று வருகின்றேன்.

வாழ்க விளையாட்டு! வளர்க நற்பண்பு!